பெரியம்மா வீட்டு லேண்ட்லைன் இன்னும் லேண்ட்லைன்தானா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேற்கு மாம்பலத்தில் பராமரிப்பு வேலைக்காகக் காலை 9 மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். பத்தரை மணி வாக்கில் எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. எடுத்தால் பெரியம்மா, பக்கத்து போர்ஷன் பெண்ணின் செல்போனை வாங்கிப் பேசுகிறார்.

"ஏண்டா, வீட்டு போன்ல சத்தமே இல்ல. கரண்ட் போனா ஃபேன் நிக்கும், போனுமா நிக்கும்? வர்தா புயலப்போ மூணு நாள் தெருவே இருட்டு, அப்பகூட இந்த போன்ல டயல் டோன் வந்துதே!"

"அது பழைய லைன் பெரியம்மா. இப்ப இருக்கறது வேற."

"அதே போனு, அதே நம்பரு. என்னடா வேற?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மேசைமேல் இருக்கும் கருவி மாறவில்லை, 044-இல் ஆரம்பிக்கும் எண் மாறவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுக் கொடுத்தபோது சுவருக்குப் பின்னால் எல்லாமே மாறிவிட்டது. இப்போது பெரியம்மா பேசுவது இன்டர்நெட் வழி அழைப்பு, வாட்ஸ்அப் காலுக்கு நெருங்கிய சொந்தம். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அன்று போனில் கொஞ்சம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் மிச்சத்தைச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும்.

முதலில் பழைய போன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு செப்புக் கம்பிகள் வரும். அந்த ஜோடி அந்த வீட்டுக்கு மட்டுமே சொந்தம். தெருவோரப் பெட்டி வழியாக, பூமிக்கடியில் நூற்றுக்கணக்கான ஜோடிகளோடு சேர்ந்து, நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரிகள் வரிசையாக இருக்கும், அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே நம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். ரிசீவரை எடுத்ததும் உள்ளே ஒரு சுவிட்ச் மூடி, கம்பியில் சில பத்து மில்லி ஆம்பியர் ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் எக்ஸ்சேஞ்ச் "சரி, இந்த வீட்டில் யாரோ பேசப்போகிறார்கள்" என்று புரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கும். மணி அடிக்க வேண்டுமென்றால் அதே கம்பியில் 75 வோல்ட்டை ஒட்டிய மாறுமின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். சின்ன வயதில் ஒரு தடவை, சுவரில் போன் கம்பி வந்து சேரும் ரோசட் பெட்டியின் மூடியைக் கழற்றிக் கம்பியில் விரல் வைத்திருந்தபோது யாரோ கூப்பிட்டுவிட்டார்கள், அந்தச் சுருக் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, பழைய போனுக்கு வீட்டுக் கரண்டே தேவையில்லை. பேசுவதற்கும் மணி அடிப்பதற்கும் வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. வர்தா சமயத்தில் பெரியம்மா வீட்டில் டயல் டோன் வந்ததன் காரணம் இவ்வளவுதான். நகரம் இருட்டாக இருந்தாலும் எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்தன, பூமிக்கடியில் இருந்த கம்பியைப் புயல் தொடவில்லை.

இந்தியாவில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் 1882-இல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் என்ற மூன்று ஊர்களில் ஆரம்பித்தன. அப்போது ஆபரேட்டர் ஒருவர் உட்கார்ந்து, இவர் வீட்டுக் கம்பியையும் அவர் வீட்டுக் கம்பியையும் ஒரு கயிற்றுச் செருகியால் கையாலேயே இணைப்பார். ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர், சவ அடக்கத் தொழில் செய்தவர், ஆபரேட்டரே இல்லாமல் தானாக இணைக்கும் இயந்திரத்துக்கு 1891-இல் காப்புரிமை வாங்கினார். அப்புறம் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச், அப்புறம் நம் ஊரிலேயே 1984-இல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் வடிவமைத்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்தாலும் ஒரு விஷயம் நூறு வருடமாக மாறவில்லை. நீங்கள் பேச ஆரம்பித்தால் உங்களுக்கும் எதிராளிக்கும் நடுவில் ஒரு முழுப் பாதை ஒதுக்கப்படும். ரிசீவரை வைக்கும்வரை அதில் வேறு யாரும் நுழைய முடியாது.

டிஜிட்டல் ஆன பிறகும் இப்படித்தான். உங்கள் குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் வினாடிக்கு 64,000 பிட் வரும். எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே உள்ள இணைப்பில் அந்த 64 கிலோபிட் இடம் உங்களுக்கென்றே வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் பேசினாலும் சரி, "இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன்" என்று போய்விட்டாலும் சரி, அந்த இடம் காலியாகவே உங்களுக்காகக் காத்திருக்கும். இதில் ஒரு நல்லது இருக்கிறது: குரல் தடங்காது, திக்காது, ஊரே ஒரே நேரத்தில் பேசினாலும் உங்களுக்குக் கிடைத்த பாதை உங்களுடையதுதான். அதிலேயே கெட்டதும் இருக்கிறது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்? ஒதுக்கிய இடத்தில் பாதிக்கு மேல் எப்போதும் வெறும் மௌனம். அந்த மௌனத்துக்கும் காசு கொடுத்தோம்.

எஸ்டிடி பூத்தில் நின்றவர்களுக்கு இது உடம்பிலேயே பதிந்திருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பேச வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போவோம், பாதிப் பேச்சில் கண் மீட்டருக்குப் போய்விடும். ராத்திரி கட்டணம் குறையும் என்பதற்காகச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து வரிசையில் நின்றோம். ஏன் ராத்திரியில் குறைந்தது? பகலில் ஆபீஸ்கள் பிடித்து வைத்திருக்கும் பாதைகள் ராத்திரியில் சும்மா கிடக்கும், அதனால்தான். தூரத்துக்கு ஏற்பக் காசு, நிமிடத்துக்கு ஏற்பக் காசு, இரண்டுக்கும் காரணம் அந்த முழுப் பாதை ஒதுக்கல்.

சரி, இன்டர்நெட் என்ன செய்கிறது? யாருக்கும் பாதை ஒதுக்குவதில்லை. உங்கள் குரலைச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போட்டு அனுப்புகிறது.

பாக்கெட் என்றதும் நமக்கு ஆவின் பால்தான் ஞாபகம் வரும், அதையே வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் பால்காரர் வாசலுக்கே வந்து அளந்து ஊற்றினார். இப்போது ஒரே அளவு பாக்கெட்டில் அடைத்து, மேலே விவரம் அச்சிட்டு, ஆயிரம் வீட்டுப் பாலையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். குரலுக்கும் அதே கதைதான். 20 மில்லி வினாடிப் பேச்சு, அதாவது ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, ஒரு பாக்கெட். "அம்மா" என்று சாதாரணமாகச் சொல்லி முடிப்பதற்குள் இருபது பாக்கெட்டாவது கிளம்பிவிடும். ஒவ்வொன்றின் மேலும் எந்த முகவரிக்குப் போக வேண்டும், வரிசையில் எத்தனையாவது, எந்த நேரத்தில் பேசியது என்று எழுதி இருக்கும். அது நடுவழியில் யாரோ பார்க்கும் சினிமா, யாரோ அனுப்பும் போட்டோ, யாரோ கட்டும் கரண்ட் பில் எல்லாவற்றோடும் கலந்து ஒரே சாலையில் போகும். நீங்கள் மௌனமாக இருந்தால் பாக்கெட்டும் பேருக்குத்தான் போகும், அந்த இடத்தை வேறு ஒருவர் பயன்படுத்திக்கொள்வார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பழைய போனின் 64 கிலோபிட் குரலையே பாக்கெட்டில் போட்டால், ஒரு பாக்கெட்டில் 160 பைட் குரல், மேலே முகவரி, வரிசை எண் எல்லாம் சேர்ந்து 40 பைட். வினாடிக்கு 50 பாக்கெட் என்றால் 80 கிலோபிட், நிமிடத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.6 எம்பி. ஒரு மணி நேரம் பேசினால்கூட இரண்டு பக்கமும் சேர்த்து 72 எம்பிதான். புதிய குரல் சுருக்க முறைகள் இதையும் குறைத்துவிட்டன. 2012-இல் பொதுத்தரமான ஓபஸ் என்ற முறை வினாடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை லைனுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். நியூஜெர்சியில் இருக்கும் பெண்ணோடு தினமும் ஒரு மணி நேரம் காசைப் பற்றிய நினைப்பே இல்லாமல் பேச முடிவது இதனால்தான், நம் மேல் யாரும் இரக்கப்பட்டுக் கட்டணத்தைக் குறைக்கவில்லை.

குரலின் தரமும் இங்கே மாறுகிறது. பழைய போன் 300-இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டும்தான் கடத்தியது. பேச்சு புரிய அது போதும், ஆனால் 'ஸ', 'ஃப' மாதிரி காற்று அதிகம் உள்ள ஒலிகளின் உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. "எஃப் ஃபார் ஃபாதர், எஸ் ஃபார் சேலம்" என்று போனில் கத்தியதெல்லாம் அதனால்தான். இன்டர்நெட் அழைப்புக்கு அந்த வரம்பு இல்லை, லைன் நன்றாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். லைன் நன்றாக இருக்கும்போது.

இதில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. இன்டர்நெட் வேகமாக இருக்கிறது, சினிமா தடங்காமல் ஓடுகிறது, ஆனால் கால் மட்டும் ஏன் விட்டு விட்டு வருகிறது? 100 எம்பி பிளான் போட்டும் ஏன் "கேக்குதா, கேக்குதா" என்று கேட்க வேண்டியிருக்கிறது?

ஏனென்றால் பேச்சுக்கு வேகத்தைவிட நேரம் தவறாமைதான் முக்கியம். 29சி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது கணக்கு, ஆனால் அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். மொத்தக் கணக்கில் பஸ் குறையவில்லை, வந்த நேரம்தான் தாறுமாறு. பாக்கெட்டுகளும் அப்படித்தான் வரும். 20 மில்லி வினாடிக்கு ஒன்றாகக் கிளம்பியவை வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் வெவ்வேறு நேரம் காத்திருந்து, கொத்தாக வந்து சேரும். சினிமாவுக்கு இது பிரச்சினையே இல்லை, அது முன்கூட்டியே பல வினாடிக்கான படத்தை இறக்கி வைத்துக்கொள்ளும். பேச்சை முன்கூட்டி இறக்க முடியாது, நீங்கள் இன்னும் பேசவே இல்லையே!

இதைச் சமாளிக்க, கேட்கும் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைக்கிறார்கள். மொட்டை மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியேதான். லாரித் தண்ணீர் எப்போது வந்தாலும், விட்டு விட்டு வந்தாலும், குழாயில் ஒரே சீராகத் தண்ணீர் கொட்டுகிறது அல்லவா? அதே போல் வந்த பாக்கெட்டுகளைச் சில பத்து மில்லி வினாடி பிடித்து வைத்து, வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கி, சீராக வெளியே விடுகிறது உங்கள் போன். தொட்டி சின்னதாக இருந்தால் சீக்கிரம் வற்றி, பேச்சு திக்கும். பெரிதாக வைத்தால் திக்காது, ஆனால் தாமதம் கூடும், இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். நல்ல செயலிகள் லைனைப் பார்த்து நொடிக்கு நொடி தொட்டியின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், யார் கண்ணுக்கும் தெரியாமல் நடக்கிறது.

தொலைந்துபோன பாக்கெட் என்ன ஆகும்? மெயில் என்றால் "இன்னொரு தடவை அனுப்பு" என்று கேட்டு வாங்கலாம். பேச்சில் அதற்கு நேரம் இல்லை. காலைக் காபிக்கு வர வேண்டிய பால் மத்தியானம் வந்து என்ன பயன்? அதனால் வராததை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஒலியைக் கொஞ்சம் இழுத்து ஓட்டையை அடைத்துவிடும். ஒன்றிரண்டு தொலைந்தால் காது கண்டுபிடிக்காது. வரிசையாகப் பத்துப் பதினைந்து போய்விட்டால் இழுக்க ஒன்றும் இல்லாமல் குரல் தகரத்தில் தட்டியது போல், ரோபோ பேசுவது போல் ஆகிவிடும்.

தாமதத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கடலைத்தான் குறை சொல்வார்கள், "அமெரிக்கா தூரம், அதான் லேட்டா கேக்குது" என்று. ஒரு பக்கத்துக்கு 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக் கரையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூருக்குப் போகும் கேபிளின் நீளம் மூவாயிரம் கிலோமீட்டரைச் சுற்றித்தான், அதைக் கடக்க 15, 16 மில்லி வினாடி போதும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்குச் சுற்றிக்கொண்டு போனாலும் நூறை ஒட்டித்தான் வரும். முன்பு செயற்கைக்கோள் வழியாக ஐஎஸ்டி பேசியபோதுதான் 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கக் கால் வினாடி ஆனது.

என் அனுபவத்தில் பெரும்பாலான கோளாறு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவே இருக்கும் சுவரில்தான். ரவுட்டர் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், நாம் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம், அபார்ட்மென்ட்டில் இருபது வீட்டு வைஃபை ஒரே அலைவரிசையில் முட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நடுவில் யாரோ ஒருவர் போன் எல்லாப் போட்டோவையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், உங்கள் சின்ன பாக்கெட்டுகள் அந்தப் பெரிய மூட்டைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். முக்கியமான கால் என்றால் ரவுட்டர் இருக்கும் அறைக்குப் போய்ப் பேசிப் பாருங்கள், பிளானை மாற்றுவதற்கு முன்னால்.

ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கும் விதமும் வேறு. பழைய எண் என்பது ஒரு கம்பியின் பெயர். 044 என்றால் கம்பி சென்னையில் முடிகிறது என்று அர்த்தம். இன்டர்நெட் அழைப்பில் கம்பி இல்லை, அதனால் உங்கள் போன் ஒரு சர்வரிடம் "நான் இப்போது இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கும். யாராவது கூப்பிட்டால் சர்வர் அந்த முகவரிக்குத் தகவல் அனுப்பும், நீங்கள் எடுத்ததும் முடிந்தால் இரண்டு போன்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். முடியாவிட்டால், ரவுட்டர் நம் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி தெரியாதவர்களை உள்ளே விடாது என்றால், நடுவில் ஒரு சர்வர் வாங்கி வாங்கிக் கொடுக்கும். இந்த அழைப்பு மொழிக்கு எஸ்ஐபி என்று பெயர், 1999-இல் பொதுத்தரமானது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இந்த முறையில் அழைப்பவர் எண் என்பது வெறும் எழுத்து, மோசடிக்காரர்கள் அதை மாற்றி எழுதிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு உள்ளூர் எண்ணாகத் தெரிவது இப்படித்தான். அவற்றைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு அமைப்பைக் கொண்டுவந்தது. ஆனாலும் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி வங்கி விவரம் எதையும் சொல்லாதீர்கள், முக்கியமாக வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இந்தியாவில் இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு 2002 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அனுமதி வந்தது, அதுவும் பாதி அனுமதி. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், உள்ளூர் போனுக்குப் பேசக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு தளர 2018 ஆனது. அதற்குள் 2016-இல் 4ஜி பரவியபோதே சாதாரண செல்போன் காலும் பாக்கெட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது. போன் திரையின் மூலையில் 'வோல்ட்டி' என்று வருகிறதே, அதுதான். அதுவும் இன்டர்நெட் முறைப் பேச்சுதான், ஒரே ஒரு வித்தியாசம்: அந்த பாக்கெட்டுகளுக்கு உங்கள் நிறுவனம் தன் நெட்வொர்க்கில் ஆம்புலன்ஸுக்கு விடுவது போல் வழி விடுகிறது. வாட்ஸ்அப் காலுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது கூட்டத்தோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். அதனால்தான் சிக்னல் நெரிசலான இடத்தில் வாட்ஸ்அப் திக்கும்போது சாதாரணக் கால் நன்றாக இருக்கும்.

இப்போது பெரியம்மா வீட்டுக்கு வரலாம். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, ஃபைபர் மோடம். அதன் பின்னால் மஞ்சள் நிறத்தில் மெல்லிய ஒயர் ஒன்று, அதற்குள் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. பக்கத்தில் போன் செருகும் ஓட்டை. பழைய போனின் ஒயர் அந்த ஓட்டையில்தான் செருகியிருக்கிறது. அந்தப் பெட்டிதான் இப்போது எக்ஸ்சேஞ்ச் வேடம் போடுகிறது: டயல் டோன் கொடுக்கிறது, மணி அடிக்கிறது, பெரியம்மாவின் குரலை 20 மில்லி வினாடித் துண்டுகளாக்கி அனுப்புகிறது. கண்ணாடி ஒளியைத்தான் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. எக்ஸ்சேஞ்ச் பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு துளி மின்சாரம் இந்த வீட்டுக்கு வராது. பெட்டிக்கு வீட்டு பிளக்கிலிருந்துதான் கரண்ட், அது போனால் போனும் போச்சு.

பெரியம்மாவுக்கு வயது 78, தனியாக இருக்கிறார், செல்போன் பழகவில்லை. அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிட அந்த ஒரு போன்தான். வாட்ஸ்அப் போன்ற செயலியிலிருந்து 108, 112 எல்லாம் கூப்பிட முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். லைனை மாற்றித் தருபவர்கள் "கரண்ட் போனால் போன் வேலை செய்யாது" என்ற ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தீர்வு சின்னதுதான். மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தது, அதற்கென்றே கைக்கு அடக்கமான மினி யுபிஎஸ் விற்கிறார்கள், ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி வந்து நடுவில் இணைத்தேன். ஃபைபர் வழியில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெருவில் இருக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை, அதனால் அந்தப் பக்கம் இணைப்பு கொடுக்கும் இடத்தில் பேட்டரி இருந்தால் போதும், இந்தப் பக்கம் நம் யுபிஎஸ் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் எது என்று தெரியவில்லையா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துப் பாருங்கள். யுபிஎஸ் எதுவும் இல்லாமலே டயல் டோன் வந்தால் பழைய செப்பு லைன், சத்தமே இல்லாவிட்டால் பெரியம்மா வீட்டுக் கதைதான். யுபிஎஸ் இணைத்த பிறகு பெரியம்மா வீட்டிலும் அதைத்தான் செய்தோம். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "இருக்குடா" என்றார்.